பன்னிரண்டு அங்குலம் மிச்சம்

ஜனவரி 11: 85
ஜனவரி 14: 120
ஜனவரி 18: 40
ஜனவரி 25: 160
பிப்ரவரி 2: 15
மொத்தம்: 420

பார்சல் அக்கா கூடாரத்தை விட்டு வெளியே வருவதற்கு ஆன செலவு இவ்வளவுதான். அதற்கென்று சம்பளத்தில் எடுத்து வைத்தது 450. மீதி முப்பது எங்கே போனது என்பது பின்னால் வரும்.

பார்சல் அலுவலகத்தின் பின்னறையில் பதினாறு வருடம் எடை பார்த்தவள் அவள். வயது நாற்பத்து மூன்று. பெட்டியை நாடாவால் சுற்றி அளப்பது, தராசில் ஏற்றுவது, சீட்டில் எண்ணை எழுதி ஒட்டுவது, இதுதான் வேலை. எதையும் மூன்று முறை அளப்பாள், நடு எண்ணை எழுதுவாள். கடிதங்களுக்குத் தராசுகூட வேண்டாம். உறை ஐந்து கிராம், தாள் ஒன்றுக்கு ஐந்து கிராம் என்று உள்ளங்கையே சொல்லிவிடும். அவள் எழுதிய எண்ணை மேலாளர்கூட இரண்டாம் தடவை பார்த்தது கிடையாது.

அப்படிப்பட்டவள் பதினாறு வருடமாக நாடா வைக்காத பொருள் அந்த அறையில் ஒன்று இருந்தது. அது அவளேதான்.

சின்ன வயதிலிருந்தே பெரிய உடம்பு. போட்டுக்கொள்வது எப்போதும் சாம்பல் நிற நீளச் சட்டை, சாம்பல் நிறப் பேண்ட். சாம்பலை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்பது அவள் எண்ணம். அலுவலகத்தில் அவள் முதுகுக்குப் பின்னால் 'கூடாரம்' என்று பெயர். வைத்தவர் சீருடை, சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்காரர். சுவருக்குக் காது உண்டு என்பது அவருக்குத் தெரியாது. முன்கூடத்தின் நடுத்தூணில் நான்கு பக்கமும் ஆளுயரக் கண்ணாடி பதித்திருந்தார்கள். அதன் முன்னால் நடக்காமல் இருப்பதற்காகவே அவள் தினமும் பின்சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வருவாள். ஏழு நிமிட நடை கூடுதல். மழையானாலும் சுற்றுத்தான்.

வருடத்துக்கு ஒரு சட்டை தைப்பாள். தையல்கடைக்கு அவள் போகமாட்டாள், நாடா வைப்பார்களே என்ற பயம். தங்கைதான் போவாள். இருப்பதில் புதிய சட்டையை அளவுச் சட்டையாகக் கொண்டுபோய்க் கொடுத்து, "இதே மாதிரி" என்று சொல்லிவிட்டு வருவாள். பேக்கரியில் நின்றபடியே எட்டு மணி நேரம் வேலை செய்பவளுக்கு அதற்கு மேல் பேசத் தெம்பும் இருக்காது.

டிசம்பர் கடைசியில் அலுவலகப் பலகையில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். எடை பார்க்க இயந்திரம் வருகிறது, ஏப்ரலில் பின்னறையை மூடுகிறார்கள். அங்கே இருப்பவர்கள் ஊருக்கு வெளியே உள்ள கிடங்குக்குப் போக வேண்டும். இரண்டு பஸ், போக மட்டும் ஒன்றே முக்கால் மணி நேரம். இல்லையென்றால் முன்கூடத்தில் ஒன்றாம் எண் கவுண்டர் காலியாக இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் ஜனவரி 10க்குள் படிவம் கொடுக்கலாம். பிப்ரவரியில் ஆறு நாள் வெள்ளோட்டம், தோற்றத்துக்கும் மதிப்பெண் உண்டு.

அந்தக் கவுண்டர் மேல் அவளுக்குப் பத்து வருட ஆசை. அங்கே அளந்து அனுப்பிய பெட்டிகளில் பாதியைத் திரும்ப அளந்து திருத்தியவள் அவள்தான். பெட்டிக்காரரின் முகத்தைப் பார்த்து எடையைச் சொல்ல வேண்டும் என்று நினைப்பாள். ஆனால் ஒன்றாம் எண் கவுண்டருக்கு நேர் எதிரே அந்தக் கண்ணாடித் தூண்.

"போய் நில்லுக்கா. தூண் உன்னைக் கடிச்சிருமா?" என்றாள் தங்கை.

"கடிக்காது. காட்டும்."

"காட்டட்டுமே. கிடங்குக்குப் போனா ரெண்டு பஸ். பஸ்ல இருக்கிறவங்க பாக்க மாட்டாங்களா?"

அக்கா படிவத்தை வாங்கி வந்தாள். எட்டுக் கேள்விகளைச் சரசரவென்று நிரப்பினாள். ஒன்பதாவதில் பேனா நின்றது. கவுண்டரில் நிற்பவர்களுக்கு அலுவலகம் கையில்லாத கோட்டு ஒன்று கொடுக்கும், அதற்கு மார்பளவு கேட்டிருந்தார்கள்.

"அறுபதுன்னு போடு. தையல்காரம்மா நோட்டுல அதுதான் இருக்கு," என்றாள் தங்கை.

அறுபது என்று எழுதியிருக்கலாம். ஆனால் தன் கையால் அளக்காத எண்ணை அவள் எந்தச் சீட்டிலும் எழுதியதில்லை. வெட்கம் ஒரு பக்கம் இழுத்தது, தொழில் ஒரு பக்கம் இழுத்தது. தொழில்தான் கனமாக இருந்தது.

ஜனவரி 8ஆம் தேதி மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், பின்னறைக் கதவைத் தாழிட்டுவிட்டு பார்சல் நாடாவைத் தன்மேல் சுற்றினாள். நாற்பத்து நாலு. நாடா முறுக்கிக்கொண்டிருக்கும் என்று மறுபடி சுற்றினாள். நாற்பத்து நாலு. மூன்றாவது தடவை மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்தாள். நாற்பத்து நாலரை. நடு எண் நாற்பத்து நாலு.

பையில் மாற்றுச் சட்டை இருந்தது. மேசையில் விரித்து அளந்தாள். சரியாக அறுபது.

அவளுக்கு மகிழ்ச்சி வரவில்லை, கோபம்தான் வந்தது. பெட்டிக்கும் உறைக்கும் பதினாறு அங்குலம் வித்தியாசம் என்றால் எந்தப் பின்னறையில் பொறுத்துக்கொள்வார்கள்? நாற்பத்து நாலு ஒன்றும் சின்ன எண் இல்லை. ஆனால் பெட்டிகளை அளக்கும்போது சின்னது பெரியது என்று எதையும் அவள் திட்டியதில்லை. எண் சரியாக இருக்கிறதா என்பதுதான் பேச்சு. ஒன்பதாவது கேள்வியில் 44 என்று எழுதி, மறுநாள் படிவத்தைக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஜனவரி 11, தங்கையோடு பழைய துணிக் கடைக்குப் போனாள். குவியலைக் கிளறியதில் செங்கல் சிவப்பும் வெள்ளையுமாகக் குறுக்குக் கோடு போட்ட சட்டை ஒன்று கிடைத்தது. ஆண்கள் சட்டை. போட்டுப் பார்த்தாள், தோளில் கச்சிதமாக உட்கார்ந்தது. விலை 85.

புதன்கிழமை அதைப் போட்டுக்கொண்டு, நான்கு சாம்பல் சட்டைகளையும் பையில் திணித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தையல்கடைப் படி ஏறினாள். கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. தையல்காரம்மா வாயில் நான்கு ஊசியோடு நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க. யாருக்குத் தைக்கணும்?"

"பதினாறு வருஷமா நீங்கதான் எனக்குத் தைக்கிறீங்க," என்று சட்டைகளை மேசையில் போட்டாள்.

தையல்காரம்மா சட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தார். "அந்த அறுபது நீங்களா?"

"நான் நாப்பத்தி நாலு. அறுபது உங்க கைங்கரியம்."

"அப்படி எப்படி ஆகும்? வருஷா வருஷம் அளவுச் சட்டை பெருசாகிட்டேதானே வந்துச்சு. பாவம் அந்தம்மா, உடம்பு ஏறிக்கிட்டே போகுது, ஆளையும் அனுப்ப மாட்டேங்கிறாங்க, எதுக்கும் இந்தப் பக்கம் அரை, அந்தப் பக்கம் அரை விட்டு வைப்போம்னு விட்டேன்."

"சட்டையைப் பெருசாக்கினது யாரு?"

"நான்தான்."

"அதைப் பாத்துட்டு, உடம்பு ஏறிடுச்சுன்னு அடுத்த வருஷம் இன்னும் பெருசாக்கினது?"

தையல்காரம்மா அளவு நோட்டை எடுத்தார். "அதுவும் நான்தான்," என்றவர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நோட்டைப் புரட்டினால் முதல் சட்டை நாற்பத்து நாலு, அசைய விட்ட நாலைக் கழித்தால் அன்றைய உடம்பு நாற்பது. அதன்பின் பதினாறு சட்டை, சட்டைக்கு ஓர் அங்குலம். வருடா வருடம் "அக்காவுக்கு இந்தத் தடவையும் கூடிடுச்சு" என்று அவர் சொல்ல, தங்கை அதை அப்படியே வீட்டில் ஒப்பிக்க, வீட்டில் இருந்தவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் உடம்பு ஏறியது நாலே அங்குலம். மிச்சமெல்லாம் வாய்வழியாக ஏறியது.

"சரி, நாப்பத்தி எட்டுக்குப் பிடிச்சுத் தரேன். கை கால் அசைய நாலு அங்குலம் போதும். இந்தக் கடைசிச் சட்டையில மட்டும் பன்னிரண்டு அங்குலம் மிஞ்சும். நாலு சட்டை மிச்சத்துல உங்க தங்கச்சிக்கு ஒண்ணு வந்துரும்." பிறகு கோடு போட்ட சட்டையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பெரிய உடம்புக்கு நெடுக்குக் கோடு போடணும். குறுக்குக் கோடு இன்னும் அகலமாக் காட்டும்."

"காட்டட்டும். பார்சல்ல குறுக்கே கயிறு கட்டினாத்தான் நிக்கும். எனக்கு இது புடிச்சிருக்கு."

"புடிச்சா சரி. பணம் குடுக்கிறது நீங்கதானே."

சட்டைக்கு முப்பதாக நான்குக்கு 120, தங்கைக்குத் தைப்பதும் அதில் அடக்கம்.

ஜனவரி 18ஆம் தேதி சாயப் பொட்டலம் இரண்டு வாங்கி, இரண்டு சட்டைகளை வாளியில் முக்கினாள். கரும்பச்சை என்று பொட்டலத்தில் போட்டிருந்தது. ஒரு சட்டை கரும்பச்சையாகவே வந்தது. இன்னொன்று திட்டுத் திட்டாக வந்தது.

"பாசி புடிச்ச தொட்டி மாதிரி இருக்குக்கா."

"அதுதான் உனக்கு."

"எனக்குத்தான் மிச்சத் துணியில தச்சாச்சே."

"அப்ப இது வீடு துடைக்க. சாம்பலா இருந்தப்பவும் அந்த யோக்கியதைதான் இருந்துச்சு."

ஜனவரி 22ஆம் தேதி வெள்ளோட்டத்துக்கு வரச்சொல்லி முதல் கடிதம் வந்தது. ஒரே தாள், பத்து கிராம். 25ஆம் தேதி பழைய காலணிக் கடையில் உறுதியான அடிப்பாகம் உள்ள ஜோடி, 160. பிப்ரவரி 2ஆம் தேதி கரும்பச்சைச் சட்டைக்கு மஞ்சள் பொத்தான் ஆறு, 15.

பிப்ரவரி 9, திங்கட்கிழமை காலை, பின்சந்து வழியாகச் சுற்றாமல் முன்வாசல் வழியாக வந்தாள். குறுக்குக் கோட்டுச் சட்டை. தூணுக்கு முன்னால் நின்று, பெட்டியைப் பார்ப்பது போலத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பெரிய பெண்மணிதான். பார்க்கிற மாதிரியும் இருந்தாள்.

கவுண்டருக்கு முன் ஒன்பது பேர் வரிசை. ஓரத்தில் மேலாளர் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தார். ஸ்டோர்காரர் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். விரித்தால் இரண்டு பேர் உள்ளே குடித்தனம் நடத்தலாம். கழுத்துப்பட்டையில் 64 என்று போட்டிருந்தது.

"நான் நாப்பத்தி நாலுன்னு எழுதியிருந்தேன்," என்றாள்.

ஸ்டோர்காரர் குரலைத் தாழ்த்தினார். "கைதவறி எழுதிட்டீங்கன்னு நான்தான் திருத்தினேன்க்கா. வெளிய தெரியாம முடிச்சிரலாம். போட்டுக்கங்க."

போட்டுக்கொண்டால் பேச்சில்லாமல் முடிந்துவிடும். மேலாளர் பார்த்துக்கொண்டிருந்தார், முதல் நாளே தகராறு என்று குறித்துவிட்டால் கிடங்குதான். ஆனால் கோட்டை மாட்டினால் செலவழித்த 420ம் உள்ளே போய்விடும், அவளும் போய்விடுவாள். கோட்டைக் கவுண்டர் மேல் வைத்தாள்.

"பதினாறு வருஷத்துல நான் எழுதின எண்ணை யாரும் திருத்தினதில்லை," என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "என் மார்பளவு நாப்பத்தி நாலு. சந்தேகம் இருந்தா நாடா இங்கேயே இருக்கு." கவுண்டர் நாடாவை உருவிச் சட்டை மேலேயே சுற்றி, முனையை அவர் பக்கம் நீட்டினாள். "எண்ணை வாசிங்க."

ஸ்டோர்காரர் குனிந்து பார்த்தார். "நாப்பத்தி நாலு."

"இன்னும் ரெண்டு தடவை அளக்கணும். அதுதான் வழக்கம்."

"வேணாங்க்கா. நம்பிட்டேன்."

வரிசையில் முதலாவதாக நின்ற ஒரு சோபாக் கடைக்காரர் தன் பெட்டியைத் தூக்கி மேலே வைத்தார். "அம்மா, என் பெட்டியையும் இப்படிக் கூச்சமில்லாம அளந்துருங்க. போன மாசம் ரெண்டு அங்குலம் கூட்டிப் போட்டுட்டாங்க."

வரிசை சிரித்தது. அவளும் சிரித்தாள். சரியான கோட்டு வர இருபது நிமிடம் ஆனது, அதற்குள் ஆறு பெட்டிகளை முடித்திருந்தாள். மேலாளர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. குறிப்பேட்டில் நீளமாக என்னவோ எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியாமலே மீதி ஐந்து நாளையும் அளந்து முடித்தாள்.

சனிக்கிழமை வெள்ளோட்டம் முடிந்தது. ஸ்டோர்காரரைக் கூப்பிட்டு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்து முப்பது.

"அந்தப் பேரு வெச்சது நான்தான்க்கா," என்றார் அவர், பன்னைப் பார்த்துக்கொண்டே.

"தெரியும். கூடாரத்தைப் பிரிச்சாச்சு. வேற பேரு யோசிங்க."

"யோசிச்சாச்சு. 'நடு எண்'."

"பரவாயில்லை. பொருத்தமாத்தான் இருக்கு."

பிறகு காத்திருப்பு. எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அது. வேண்டாம் என்று சொல்ல ஒரு தாள் போதும். வேலை கொடுத்தால் மூன்று தாள்: உத்தரவு, நிபந்தனைகள், கையெழுத்திட்டுத் திருப்ப வேண்டிய படிவம். அவள் கரும்பச்சையும் சிவப்புக் கோடுமாக மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, முன்வாசல் வழியாகவே பின்னறைக்குப் போய்வந்தாள்.

இருபத்து மூன்றாம் நாள் ஸ்டோர்காரரே கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். "பிரிங்கக்கா, சீக்கிரம்."

அவள் பிரிக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை தூக்கிப் பார்த்தாள். பின்னறையின் பழைய தராசில் வைத்தாள். எடுத்தாள், மறுபடி வைத்தாள், மூன்றாம் தடவையும் வைத்தாள். மூன்று தடவையும் இருபது கிராம்.

"என்னக்கா போட்டிருக்கு?"

"மூணு தாள் போட்டிருக்கு," என்று சொல்லிவிட்டு, வழக்கம் போலச் சீட்டில் நடு எண்ணை எழுதினாள். பக்கத்தில் வந்த தேதியையும் எழுதினாள்: மார்ச் 9.