கிண்டலடித்தார் என்று எழுதினேன்

ஒரே காரியத்துக்கு ஆள் பார்த்துச் சொல் போடுவது நாளிதழ் வழக்கம். அமைச்சர் மேடையில் எதிர்க்கட்சிக்காரரைப் போல நடந்து காட்டினால் ‘சிரிப்பலை’. எதிர்க்கட்சிக்காரர் அமைச்சரைப் போலப் பேசினால் ‘கிண்டல்’. எழுத்தாளர் செய்தால் ஞாயிறு இணைப்பில் அது ‘பகடி’. கல்லூரி மாணவர் என்றால் ‘கலாய்த்தார்’. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. திருநெல்வேலிப் பதிப்பில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த ஆறே மாதத்தில் எனக்கும் கை பழகிவிட்டது.

ஒரு பிசான நெற்பருவத்தில், விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குக் களக்காட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்திருந்தார். கால்வாயின் ஷட்டர் பழுதாகி, அவருடைய கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. நெல் பொதி கட்டி, கதிர் வெளிவரப் போகும் நேரம். “பொறியாளரிடம் சொன்னீர்களா, அவர் என்ன சொன்னார்?” என்று தலைமை வகித்த அதிகாரி கேட்டிருக்கிறார். விவசாயி கைப்பேசியைக் கண்முன் பிடித்து, தலை நிமிராமல், இடது கையைப் புறத்தே வீசி, “பாத்துக்கிடலாம், போங்க” என்றிருக்கிறார். கூட்டம் சிரித்தது. பொறியாளரும் அங்கேதான் இருந்தார்.

எங்கள் நிருபர், ‘பொறியாளர் கூறியதை அப்படியே செய்து காட்டினார்’ என்றுதான் அனுப்பினார். இரண்டு பத்தி அகலத்தில் அது தலைப்பாக அடங்காது. ‘அதிகாரியைக் கிண்டலடித்த விவசாயி’ என்று வைத்தேன். இடம் போதாதபோது செய்தியை அடியிலிருந்து வெட்டுவோம். ஷட்டர் கடைசிப் பாராவில் இருந்தது. வெட்டினேன். தலைப்பு நன்றாக இருக்கிறதென்று செய்தி ஆசிரியர் பாராட்டினார்.

நான்காம் நாள் காலை அந்த விவசாயி அலுவலகத்துக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். பக்கத்தை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

“நான் எங்க கிண்டல் பண்ணுனேன்? கேட்டாவ, நடந்ததக் காமிச்சேன். இப்ப அந்த இன்ஜினியர் சாரு, ‘பேப்பர்ல போட்டாச்சுல்லா, பேப்பர்காரன்கிட்டயே போயித் தண்ணி கேளும்’ங்காரு. வயலு வெடிச்சுக் கெடக்கு. இத மாத்திப் போட்டுருங்க, அதக் கொண்டு காட்டுதேன்.”

அவரை உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்த் திருத்தம் கேட்டேன்.

“ஆளுக சிரிச்சாவளா இல்லையாவே?” என்றார் செய்தி ஆசிரியர்.

“சிரிச்சாங்க.”

“பொறவு என்னத்தத் திருத்த? வாட்ஸ்அப்ல பூரா நம்ம தலைப்புதான் ஓடுது. வேணும்னா ஷட்டரப் பத்தித் தனியா ஒரு செய்தி போடும்.”

தலைப்பு வைத்தவன் நான்தான் என்பதை வெளியே வந்து அவரிடம் சொல்லவில்லை. நிருபரை அனுப்புகிறோம் என்று மட்டும் சொன்னேன். “சீக்கிரம் வரச் சொல்லுங்க, அண்ணாச்சி. ஒரு வாரம் தாங்காது” என்றார். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர்.

முதலில் ஓர் அமைச்சர் வருகை, அப்புறம் ஒரு கோயில் கொடை விழா. நிருபருக்குப் பன்னிரண்டாம் நாள்தான் ஒழிந்தது. அன்று நானும் கூடப் போனேன். ஷட்டர் அப்படியேதான் இருந்தது. கதிர்கள் வெளுத்து நிமிர்ந்து நின்றன. ஒன்றை உருவிக் கசக்கினேன். பதர்.

நிருபர் கைப்பேசியை ஒலிப்பதிவுக்காக நீட்டினார். விவசாயி ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“போட்டோ எடுத்துக்கிடுங்க. நான் ஒண்ணும் பேசல.”

“ரெண்டு வார்த்தை சொன்னா நல்லாயிருக்கும்” என்றேன்.

“என்னத்தச் சொன்னாலும் நீங்க ஒண்ணு போடுவீய” என்று சொல்லிவிட்டு வரப்பில் இறங்கி நடந்தார்.

பொறியாளரிடம் தொலைபேசியில் கருத்துக் கேட்டோம். நன்றாகவே பேசினார். ‘ஷட்டர் விரைவில் சீரமைக்கப்படும் என்று பொறியாளர் தெரிவித்தார்’ என்று செய்தியை முடித்தேன். அதில் ஒரு சொல்லைக்கூட யாரும் மாற்றவில்லை.