நாலாவது மணி

மயிலிட்டித் துறைமுகத்தில் அன்று காலை மீனை ஒருவரும் பார்க்கவில்லை. ஐஸ் பெட்டியின் மேல் சாய்த்து வைத்த ஒரு கைத்தொலைபேசியைத்தான் பார்த்தோம். அதற்குள்ளே, கனடாவின் ஏதோவொரு மண்டபத்தில், எங்களுக்கு மீன் விற்கிற அக்காவின் தம்பி குத்துச்சண்டை மேடையில் ஏறிக்கொண்டிருந்தான்.

இலங்கைக்காக ஒலிம்பிக் போனவன். முதல் ஆட்டத்திலேயே தோற்றான். பத்திரிகையில் ஒரு வரி வந்தது, அதிலும் ஊர்ப்பெயர் இல்லை. பிறகு தொழில்முறைச் சண்டைக்காரனாக நாடு நாடாக அலைந்தான். கடைசி மூன்றிலும் தோல்வி. முதல்நாள் அக்காவிடம் சொல்லியிருந்தான்: "இதிலையும் தோத்தால் கையுறையைக் கழட்டிப்போடுவன். பிறகு ஒருத்தனும் கூப்பிடமாட்டான்."

மிஷன் பள்ளியில் இரண்டு வருடம் குத்துச்சண்டை பழகியவன் நான். ஆகவே விளக்கம் சொல்லும் வேலை எனக்கு.

"மேலுக்கு ஒண்டும் போடேல்லையே, தம்பி?" என்று என்னைக் கேட்டார் அக்கா.

"தொழில் சண்டையில சட்டை இல்லை, அக்கா."

"அங்கை குளிரெல்லோ!"

மணி அடித்தது. என்ன வேகம்! இடக்கை, இடக்கை, திடீரென்று வலக்கை. கச்சான் காற்று மாதிரிச் சுழன்றான். மூன்றாவது சுற்றில் எதிராளி கயிற்றோடு ஒட்டிக்கொண்டான். மறுபடி மணி. நான் துள்ளி எழுந்தேன்.

"முடிஞ்சுது! மூண்டு றவுண்டும் எங்கடை! கொளுத்துங்கோ வெடியை!"

திருவிழாவுக்கு வைத்திருந்த சீனவெடி முழுவதையும் வள்ளக்காரர் கொளுத்தினார்கள். காகங்கள் சிதறின, நாய்கள் ஓடின. புகை கலைந்தபோது தொலைபேசிக்குள் இன்னொரு மணி அடித்தது. அக்காவின் தம்பி மூலையிலிருந்து எழுந்து நடுவுக்கு வந்தான்.

பள்ளியில் மூன்று சுற்று. ஒலிம்பிக்கிலும் மூன்று. இது எட்டுச் சுற்றாம்! எனக்கெங்கே தெரியும்?

"நீர் முடிச்சுப்போட்டீர். அவன் இன்னும் முடிக்கேல்லை," என்றார் அக்கா. வள்ளக்காரர் சிரித்த சிரிப்பு அலையைவிடப் பெரிது.

ஐந்தில் அவன் புருவம் கிழிந்தது. ஏழில் முழங்கால் மடிந்தது. செதில் ஒட்டிய கையால் அக்கா என் மணிக்கட்டை இறுக்கினார். "எழும்படா! எழும்பு!" எழும்பினான். எட்டாவது முழுவதும் அடித்தான், மூச்சு விடாமல் அடித்தான், நாங்களும் மூச்சு விடவில்லை.

நடுவர் உயர்த்திய கை அவனுடையது.

கொளுத்த ஒரு வெடிகூட மிச்சமில்லை. அக்கா தராசுத் தட்டைக் கழற்றி, மீன் வெட்டும் கத்தியின் பிடியால் அடிக்கத் தொடங்கினார். ஆளுக்கொரு பெட்டி, வாளி, துடுப்பு. துறைமுகமே அதிர்ந்தது.

"கூப்பிடுவாங்கள்! இனிக் கூப்பிடுவாங்கள்!" என்று கத்திக்கொண்டே அடித்தார் அக்கா. தட்டு நெளிந்து போயிற்று. அன்று மீனைக் கண்ணளவில்தான் விற்றார்.