அத்திம்பேருக்கு வாங்கிய மசாஜ் பாய்

ஓணத் தள்ளுபடியில் ஏமாறுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதி உண்டு. நான் அரசு அலுவலகத்தில் கொள்முதல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். போன ஓணத்துக்கு, கால் மரத்துப்போகிறது என்று புலம்பிய அக்கா கணவருக்கு ஒரு மசாஜ் பாய் வாங்கினேன். பாதத்தில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் ரகம். கடைக்காரர் “மதியோ சாரே, போதுமா?” என்று அலுத்துக்கொள்ளும்வரை என் காலை வைத்துச் சோதித்தேன். உத்தரவாத அட்டையில் முத்திரை விழுந்த பிறகே பணம் கொடுத்தேன்.

ஸ்ரீவராகத்தில் அக்கா வீட்டில் அத்திம்பேர் ஆசையாகக் காலைத் தூக்கினார்.

“வைக்காதேங்கோ! இதுல கரண்ட் வருமாடா?” என்றாள் அக்கா.

“லேசா சுள்ளுனு இருக்கும். நானே டெஸ்ட் பண்ணியாச்சு.”

“உன் நெஞ்சுல பேஸ்மேக்கர் இருக்கா? இவருக்கு இருக்கேடா!” என்று பிளக்கைப் பிடுங்கினாள்.

கையேட்டைப் புரட்டினேன். பேஸ்மேக்கர் உள்ளவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருந்தது. எனக்கு வேர்த்துவிட்டது.

“மச்சினனுக்கு என்மேல அப்படி என்னடா கோபம்?” என்று அத்திம்பேர் சிரித்தார்.

இப்போதெல்லாம் இப்படிப்பட்ட பரிசு வாங்குமுன், பெறப்போகிறவருக்கு என்னென்ன வியாதி என்று நேரிலேயே கேட்டுவிடுகிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்க ஆள் உயிரோடு இருக்கிறாரே, எனக்கு அது போதும்.