வெக்ஸ்லி மாளிகையின் கூரை

"ஆடாம சுவரோரமாவே நின்னுட்டீங்களே, கால் வலியா?" என்று கேட்டேன்.

நார்ஃபோக்கில் எங்கள் ஊர் மன்றத்தில் வெள்ளிக்கிழமைதோறும் நடனம் நடக்கும். நான் பிடில் வாசிப்பவள். இடைவேளையில் ரூபன் தர்க்கெட்டில் என்ற முதியவர் தேநீர்க் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கால் இல்ல பொண்ணு. கடைசியா வாசிச்சியே, வெக்ஸ்லி மாளிகை. அதுக்கு மட்டும் ஆட மாட்டேன்."

"நல்ல பாட்டுதானே?"

"பாட்டுக்கு என்ன குறை? அந்தப் பேர்ல இருந்த மாளிகையை இடிச்சது நான்."

சிரித்துவிட்டேன். "தனியாவா?"

"ஊர்ல பாதிப் பேரு கூட இருந்தாங்க. சிரிக்காத. அங்கயே பொறந்து வளர்ந்த பொண்ணு ஒருத்தி வாசல்ல நின்னு பார்த்துட்டிருந்தா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவளையே கட்டிக்கிட்டேன்."

அந்தப் பெண் மேவிஸ், மாளிகைச் சமையற்காரியின் மகள். போருக்குப் பிறகு வரி கட்ட முடியாமல் உரிமையாளர்கள் மாளிகையை இடிப்பு ஒப்பந்தக்காரருக்கு விற்றார்கள். ரூபனுக்கு அப்போது வேறு வேலை கிடைக்கவில்லை. பிறகு பீட்ரூட் லாரி ஓட்டினார், வடிகால் வெட்டினார். இருவரும் இந்த மன்றத்தில் எல்லா ஆட்டமும் ஆடினார்கள். வெக்ஸ்லியின் பெயரை அறிவித்தால் மட்டும் வெளியே போய் நின்றுகொள்வார்கள். அவர்கள் வீட்டில் அந்தப் பேச்சே எழுந்ததில்லையாம்.

வயதான பிறகு மேவிஸின் நினைவு குழம்பிற்று. முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். மாலையானால், "அம்மா தேடுவாங்க, வெக்ஸ்லிக்குக் கூட்டிட்டுப் போ" என்பார். "கூரை வேலை நடக்குது மேவிஸ், முடிஞ்சதும் போகலாம்" என்பார் ரூபன். மேவிஸும் அமைதியாகிவிடுவார். ரூபன் அந்தப் பாட்டை முணுமுணுத்தால் போர்வைக்கடியில் மேவிஸின் பாதம் தாளம் போடும்.

அதனால்தான், வசந்தத்தில் நாங்கள் அந்த இல்லத்துக்கு ஆடப் போனபோது, வெக்ஸ்லியை வாசிக்கும்படி ரூபனே கேட்டார். பெயரை மட்டும் சொல்ல வேண்டாம் என்று ஹிலரியிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அதன் பெயரையும் கதையையும் சொல்லி, அடிகளை அறிவிப்பவர் ஹிலரி. சரியென்று தலையாட்டினார். ஆனால் வரிசைகள் எதிரெதிரே நின்றதும் பழக்கம் முந்திக்கொண்டது.

"அடுத்தது வெக்ஸ்லி மாளிகை! பாவம், இடிச்சுத் தள்ளிட்டாங்க. ஒரு செங்கல்கூட மிச்சமில்ல."

மேவிஸ் திரும்பினார். "ரூபன், கூரை போடறாங்கன்னியே?"

ரூபன் நீட்டிய கையையே மேவிஸ் பார்த்தார்.

"நீயும் அங்க இருந்தே. கையில சம்மட்டி வெச்சிருந்தே."

அப்புறம் மேவிஸ் அழுத அழுகை, அன்றைக்குத்தான் வீடு இடிந்ததுபோல் இருந்தது. ஆட நின்றவர்கள் கலைவதா நிற்பதா என்று தெரியாமல் விழித்தார்கள். நான் வில்லை இறக்கிவிட்டேன்.

மறுநாள் எங்களை மறந்துவிட்டாராம். மாளிகை இடிந்ததுகூட நினைவில் இல்லை. மறுபடி வீட்டுக்குப் போகக் கேட்கிறார். ஆனால் ரூபன் கூரையைப் பற்றிச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஏனென்று அவருக்கே தெரியவில்லை.

இலையுதிர் காலத்தில் நான் அங்கே தனியாக வாசிக்கப் போனபோது, ரூபன் வாசலிலேயே காத்திருந்தார். என் பிடில் பெட்டியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"வாசிச்சு முடிச்சதும் அவ பக்கத்துல கொஞ்சம் உக்காரு. வெக்ஸ்லி வழியாத்தான் வந்தேன், கூரை வேலை பாதி முடிஞ்சிருக்குன்னு சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. நீ சொல்லு, பொண்ணு."