கிழக்குச் சரிவில் வெண்டலின்

வெண்டலின் அடுப்புக் கட்டுகிறவன். ஆஸ்திரியாவின் டைரோல் மலைநாட்டில் அவன் பள்ளத்தாக்கில் பாதி வீடுகளில் அவன் ஓடு பதித்த கணப்படுப்புகள்தான் எரிகின்றன. ஒன்றுகூடப் புகைந்ததில்லை. அந்தப் பெருமையை அப்படியே மலைக்கும் தூக்கிக்கொண்டு போனதுதான் வினை.

வசந்தம் வந்தால் ஸ்கி என்ற பனிச்சறுக்குக் கட்டைகளுக்கு அடியில், மேட்டில் வழுக்காமல் பிடிக்கும் ஏறுபட்டையை ஒட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். பின்னாலேயே மனைவி ரோஸ்விதா. முப்பது வருஷத்தில் பனி ஒருமுறைகூட அவனைப் புரட்டியதில்லை. பனி போனால் போகிறதென்று விட்டதையெல்லாம் தன் சாமர்த்தியமாக எடுத்துக்கொண்டான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை தெரியும். விழாமலிருந்ததற்கும் மார்தட்டிய காக்கை இவன் ஒருவன்தான்.

அன்று மலைக்குடிலில் விடியும்போதே ரோஸ்விதா வெளியே போய்ப் பார்த்தாள். இரவெல்லாம் மேகம் மூடிக் கிடந்ததால் பனி இறுகவே இல்லை. கைத்தடி பிடிவரை இறங்கியது.

"வெண்டலின், இன்னைக்கு வேணாம். கீழ கூழா கெடக்கு."

"ஏப்ரல் பனி எனக்குத் தெரியாதா? நீ ரொட்டிய எடு" என்றான். பன்றி இறைச்சித் துண்டுகளை நிதானமாகச் சீவி, ஷ்னாப்ஸ் சாராயம் ஒரு மிடறு விட்டு, கூட ஏற வந்திருந்த தபால்காரன் க்வீரினோடு ஊர்வம்பு பேசி முடிப்பதற்குள் மேகம் கலைந்து, வெயில் கிழக்குச் சரிவில் நன்றாக ஏறிவிட்டது.

சரிவின் குறுக்கே நேற்றைய தடம் ஒன்று போயிற்று. "பாத்தியா, ஆள் போயிருக்கு. அப்புறம் என்ன பயம்?" என்றான். அந்த ஆள் பனி கல்லாக இறுகிய விடியலில் போனவன். இது ரோஸ்விதாவுக்குத் தெரியும். சொன்னாள். க்வீரின் சிரித்தான்: "உம் பொண்டாட்டிக்கு முழங்கால் நடுங்குதுடா."

அவள் பின்னால் போனாள். அப்படிப் போனதற்காகத் தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

வெண்டலின் நடுச்சரிவை எட்டியபோது மேலே பனியில் ஒரு விரிசல் கோடு விழுந்தது. பனி மொத்தமாக, மெதுவாக, கனமாக இறங்கி அவனை வாரிக்கொண்டு போயிற்று. ஓரத்தில் நின்ற மற்ற இருவரும் தப்பினார்கள்.

ரோஸ்விதா நெஞ்சில் கட்டியிருந்த, புதைந்தவரின் கருவி எங்கே என்று ஒலித்துக் காட்டும் தேடுகருவியைத் தேடும் நிலைக்குத் திருப்பினாள். சத்தமே இல்லை. அவனுடைய கருவி வீட்டு அலமாரியில் இருந்தது. அதெல்லாம் ஜனவரிப் புதுப்பனிக்கு என்பது அவன் சித்தாந்தம். ஒரு ஸ்கியின் முனை மட்டும் வெளியே தெரிந்ததால் இடம் கிடைத்தது. ஈரப்பனி சிமெண்டாக இறுகியிருந்தது. அழுதுகொண்டே வெட்டினாள். க்வீரினும் வெட்டினான், அப்போது அவன் சிரிக்கவில்லை.

முகம் வெளியே வந்தது. நீலம் பாரித்திருந்தது. இருமி, மூச்சிழுத்து, கண் திறந்து வெண்டலின் சொன்ன முதல் வார்த்தை: "இன்னைக்கு வெயில் சீக்கிரம் வந்துருச்சு."

சாயங்காலம் ஊர் மதுக்கடையில் அவனுக்கு மறுபிறந்தநாள் கொண்டாடினார்கள். அவன் பேச்சில் பனிச்சரிவு வளர்ந்துகொண்டே போயிற்று. "அனுபவம் இல்லாதவன் செத்திருப்பான்" என்றான். கோப்பைகள் மோதின. "சனிக்கிழமை மறுபடி அங்கேயே போறோம். விழவேண்டியது விழுந்தாச்சு, இனி பயமில்ல. என்ன ரோஸ்வி?"

"நான் வரல."

"ஏன், எம்மேல நம்பிக்கை இல்லையா?"

"இருந்துச்சு. அதனாலதான் இன்னைக்குப் பின்னால வந்தேன். தோண்டுறப்போ போயிருச்சு."

மேசையே சிரித்தது. வெண்டலின்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தான்.

சனிக்கிழமை விடியலில் அவளை எழுப்பினான். அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். க்வீரினுக்குத் திடீரென்று இடுப்பு வலி. தனியாக ஸ்கியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போன வெண்டலின், புதைந்தால் தோண்ட ஆளில்லை என்று பின்னால் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொண்டான். முப்பது வருஷத்தில் அவன் சரியாகக் கணித்த ஆபத்து அது ஒன்றுதான்.