பதினெட்டு பேர்

போன கிழமை ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு டெப் கணினி, தோளில் சொட்டச் சொட்ட ஒரு குடை. ஏதோ வீட்டுக் கணக்கெடுப்பாம். மாவனல்லையில் எங்கள் ஒழுங்கை முழுக்க ஏறி இறங்கிக் களைத்துப் போய்த்தான் எங்கள் வாசலுக்கு வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காராமலே டெப்பைத் தட்டிக்கொண்டு, "அங்கிள், வீட்டுல எத்தனை பேர்?" என்று கேட்டாள்.

இதைவிட லேசான கேள்வி உலகத்தில் உண்டா? பிள்ளைகள் கட்டாருக்கும் கொழும்புக்கும் போன பிறகு நானும் மனைவியும்தான். ரெண்டு பேர் என்று சொன்னால் முடிந்தது. ஆனால் எனக்கு வாய் வரவில்லை. மூக்கில் ஒட்டுப்பால் நாற்றம் அடித்தது. வல்லாஹி, பொய் சொல்லவில்லை. எங்கள் ஒழுங்கையில் பெயருக்கு ஒரு றப்பர் மரம்கூடக் கிடையாது.

உங்களுக்கு ஒட்டுப்பால் தெரியுமோ என்னவோ. றப்பர் மரத்தில் பால் வடிந்து முடிந்ததும் பட்டையிலும் சிரட்டை ஓரத்திலும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்குமே, அது. புளித்த மோரும் பழைய சாக்கும் சேர்ந்த ஒரு நெடி. பால் வெட்டுகிறவர்களின் உடுப்பை என்ன சவுக்காரம் போட்டு அடித்தாலும் அது போகாது. நான் வேலை பார்த்த வங்கியில் புஷ்பராணி அக்கா முதன்முதலாக என் மேசைக்கு முன்னால் வந்து நின்றபோது அந்த நாற்றம்தான் முதலில் வந்தது, அவர் பிறகுதான் வந்தார். நான் மூக்கைச் சுளித்தேனா? சுளித்திருப்பேன். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. காலில் வாப்பா வாங்கித் தந்த புதுக் கறுப்புச் சப்பாத்து, கழுத்தில் டை. அந்தக் கோலத்தில் இருந்தவனிடம் வேறு என்னத்தை எதிர்பார்ப்பது!

அரநாயக்கப் பக்கம் போகிற ரோட்டில், ஒரு ஹாட்வெயார் கடையின் மேல்மாடியில் எங்கள் வங்கிக் கிளை. பெரிய வங்கிகள் திரும்பியும் பார்க்காத சனங்களைக் கைதூக்கி விடுவதற்கென்றே தொடங்கின அபிவிருத்தி வங்கி. சுவரொட்டிப் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள், கண்ணால் பார்த்திருக்கிறேன். கித்துள் மரத்துப் பாணி காய்ச்சுகிற கிழவர் ஒருவர் எங்களால்தான் புதுத் தாச்சி வாங்கி, சொந்தமாகக் கடைக்குப் போட்டார். புருசன் விட்டுப் போன ஒரு சிங்களப் பெண் ஒரு மாட்டில் தொடங்கி, அந்த மாட்டை வைத்தே இரண்டு மகள்மாரையும் படிப்பித்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உண்டியலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியேறி வருவார்கள். "மல்லி, காசு கொடுக்கிறது இல்லை நம்முடைய வேலை. ஆளை ஒரு படி மேலே ஏற்றிவிடுகிறதுதான் வேலை" என்று மனேஜர் சிங்களத்தில் சொல்லுவார். மல்லி என்றால் தம்பி. அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். தங்கமான மனிதர்.

அந்தக் கிளையில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தோட்டத்து ஆட்கள் யார் வந்தாலும் என் மேசைக்குத்தான் அனுப்புவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் மண்டைக்கனம். சிங்களத்தில் இருந்த விண்ணப்பத்தைத் தமிழாக்கினதும் நான்தான். 'குடும்ப அங்கத்தவர் எண்ணிக்கை' என்று போட்டால் பாவம் இந்தச் சனத்துக்கு விளங்காது என்று, என் பெரிய மனசால், சுருக்கமாக 'எத்தனை பேர்' என்று போட்டேன். 'வேலை' என்ற வரிக்கு நேர் கீழே போட்டேன். தமிழ் என்றால் எல்லாம் ஒரே தமிழ்தானே என்று நினைத்துக்கொண்டிருந்த காலம்.

தைப்பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில்தான் புஷ்பராணி அக்கா வந்தார். வெள்ளை வெளேரென்று பால் காய்ந்த விரல்கள். கதிரை நுனியில் உட்கார்ந்து விசயத்தைச் சொன்னார்.

"எங்க காம்பராவுக்குப் பின்னால மேடு வெடிச்சிருக்குங்க ஐயா. கைய விட்டா முழங்கை வரைக்கும் போவுது. மழைக்கு முன்னாடி நானும் மவளும் எதுத்த பக்கம் போயிரணும். தொர எடம் காட்டிட்டாரு, கடுதாசியும் குடுத்திட்டாரு. கல்லுக்கும் தகரத்துக்குந்தான் வழியில்ல."

காம்பரா என்றால் லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கிற ஒற்றை அறை; தொர என்றால் தோட்டத்துப் பெரிய அதிகாரி. "நானும் மவளும்" என்று அப்போதே சொன்னார் பாருங்கள். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. மகள் சுகந்தி வருசக் கடைசியில் ஓ.எல். பரீட்சை எழுதப் போகிறாளாம். புது வீட்டில் அவளுக்கு ஒரு மேசை போட இடம் விடவேண்டுமாம். அதைச் சொல்லும்போது மட்டும் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது.

நான் பேனையை எடுத்தேன். "வேலை?"

"பால் வெட்டுறதுங்க."

"எத்தின பேர்?"

"போன மாசம் பதினெட்டு பேருங்க."

பதினெட்டு என்று எழுதினேன். வீட்டில் இருக்கிற ஆட்களின் தொகை மாதத்துக்கு மாதம் எப்படி மாறும் என்று ஒரு மடையனுக்குக்கூடச் சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. ஏன் தெரியுமா? லயம் என்றால் அப்படித்தானே இருப்பார்கள் என்று ஏற்கெனவே என் மனசில் இருந்தது. ஒரு காம்பராவுக்குள் பதினெட்டுப் பேர் அடைந்து கிடப்பது எனக்கு ஆச்சரியமாகவே படவில்லை. இன்றைக்கும் என்னால் விழுங்க முடியாமல் இருப்பது இதைத்தான்.

அதற்குப் பிறகு நான் நேரில் போய் வீட்டைப் பார்க்கவேண்டும். அது வங்கியின் சட்டம். போனேன், பஸ் நிற்கிற இடம் வரைக்கும். மேலே லயத்துக்கு ஒற்றையடிப் பாதை. முதல் நாள் மழை பெய்து அட்டை நெளிந்துகொண்டிருந்தது. என் சப்பாத்தைப் பார்த்தேன், பாதையைப் பார்த்தேன், சந்திக் கடையில் ஒரு பிளேன்டீ குடித்தேன், அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன். 'நேரில் பார்த்தேன்' என்று கையெழுத்தும் வைத்தேன்.

மனேஜர் பத்திரத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு பொம்பளையின் உழைப்பில் பதினெட்டுப் பேரா? அனே பவ்!" என்றார். ஐயோ பாவம் என்று அர்த்தம். "சாப்பாட்டுக்கே காணாது, மல்லி. கடனையும் கொடுத்து அந்த மனுசியைச் சாகடிக்க ஏலாது." நேரில் பார்த்தாயா என்று ஒரு தரம் கேட்டார். பார்த்தேன் சேர் என்றேன்.

மாசியில் அக்கா பதில் கேட்டு வந்தார். முடியாது என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார்.

"பேர் கூடிப்போச்சு அக்கா. அதுதான்."

"பேர் கூடுனா நல்லதுதானேங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பாருங்களேன், வீடு நிறைய ஆளை வைத்துக்கொண்டு நல்லது என்கிறதே இந்த மனுசி! அவர் கதிரையைக் கொஞ்சம் கிட்ட இழுத்தார். "அப்ப பேர கொறச்சா தருவாங்களா ஐயா?"

"கொறைச்சிக்கொண்டு வாங்களேன், பாப்பம்" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். பக்கத்து மேசைக்காரனுக்கு அதைச் சிங்களத்தில் மொழிபெயர்த்துச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தோம். அக்காவும் என்னவென்று விளங்காமல் எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

சித்திரை வருசப் பிறப்புக்கு முதல் கிழமை திரும்ப வந்தார். முகம் ஒட்டிப்போயிருந்தது. ஆனால் பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி ஒரு சந்தோசம். கையில் தோட்டத்துச் சம்பளத் துண்டு.

"ஐயா, பேர கொறச்சிட்டேங்க. போன மாசம் ஒம்பது பேருதான்."

"அப்ப மத்த ஒம்பது பேரும் எங்க போனாங்க?"

"எங்கயும் போவலீங்களே. நாந்தான் வேலைக்குப் போவல."

சம்பளத் துண்டில் விரலை வைத்துக் காட்டினார். "எங்க தோட்டத்துல ஒரு நாள் வேலைன்னா ஒரு பேருங்க. மழை வந்து பாதியில நின்னுட்டா அரைப்பேரு. ஐயாவுக்குத் தெரியாதா?" என்றார். நிவாரணம் கொடுப்பதைப்போலத்தான் வங்கியும் என்று அவர் நினைத்திருந்தார். நிறைய உழைக்கிறவளுக்குக் கொடுக்க மாட்டார்கள், குறைவாக உழைத்தால்தான் பாவம் பார்ப்பார்கள். அதனால் கணக்கப்பிள்ளையிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு ஒன்பது நாள் காம்பராவுக்குள் சும்மா இருந்திருக்கிறார். நான்தானே குறைத்துக்கொண்டு வரச் சொன்னேன்.

"வீட்டில ஆக்கள் எத்தின, அக்கா?" என்று கேட்டேன்.

"நானும் மவளுந்தாங்க." சம்பளத் துண்டை மடித்தார். "இப்ப நான் மட்டுந்தான். பேர் கொறஞ்சதும் அரிசிக்கு வழியில்லாமப் போச்சு. மேடும் இன்னும் பொளந்துக்கிட்டு வருது, புள்ளைய வச்சிக்கிட்டுத் தூங்க முடியலீங்க. கொழும்புல ஒரு வீட்டுல வேலைக்குச் சேத்துவிட்டேன். நீங்க காசு குடுத்ததும் கூட்டிக்கிட்டு வந்திருவேன்."

எனக்கு யாரையாவது ஏசவேண்டும்போல இருந்தது, ஏசுவதற்கு என்னைத் தவிர ஆள் இல்லை. பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு மனேஜரிடம் ஓடினேன். பேர் என்ற சொல்லைப் பற்றிச் சொன்னேன். மலை ஏறாததைச் சொல்லவில்லை. அதை இன்றைக்கு உங்களிடம்தான் சொல்கிறேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்.

வீடு எழும்பியது. பெரிய மழைக்கு ஒரு கிழமை முந்தித்தான் தகரம் ஏற்றினார்கள். இந்த முறை நான் மலை ஏறினேன். அட்டை இரண்டு காலிலும் கடித்தது, கடிக்கட்டும் என்று விட்டேன். இரண்டே அறை, சிமெந்து வாசம் போகாத சுவர். அக்கா ஒவ்வொன்றாகக் காட்டினார். உள்ளறையில் யன்னலோரம் ஒரு மேசை. தச்சனைப் பிடித்துப் பலாப் பலகையில் செய்வித்ததாம். மேலே ஒன்றுமே இல்லை. அக்கா முந்தானையால் அதைத் துடைத்துவிட்டார்.

"எப்ப வாறா சுகந்தி?"

"அந்த வீட்டு நோனா விட மாட்டேங்குறாங்க. இந்த மாசம் முடியட்டும்னாங்க." அதற்கு முந்தின மாதமும் அதையேதான் சொன்னார்களாம்.

என்னுடைய கடைசிப் பத்திரத்திலும் அதே வரி இருந்தது. கேட்காமல் எழுதியிருக்கலாம், கேட்டுத் தொலைத்தேன். "ஒரே ஒரு ஆளுதாங்க ஐயா" என்றார். என்னோடு பேசும்போது பேர் என்று சொல்வதையே அக்கா விட்டுவிட்டார்.

அந்த வருசம் இல்லை, அடுத்த வருச மழையில் மேடு இறங்கியது. நாலு காம்பரா மண்ணுக்குள் போயிற்று. வெடிப்பைப் பார்த்துப் பயந்து மற்றவர்களும் முந்தியே கோயில் பக்கம் போயிருந்ததால் உயிருக்கு ஒன்றுமில்லை. அக்காவின் பழைய காம்பராவில் அடுப்பு இருந்த இடம்கூடத் தெரியவில்லையாம். மனேஜர் என் தோளில் தட்டி, "பார்த்தாயா மல்லி, ஒரு உயிர்" என்றார். உண்மைதான். எங்கள் வங்கி ஒரு உயிரைக் காப்பாற்றியது. வருசாந்த அறிக்கையில் அந்த வீட்டின் படமும் வந்தது. வாசலில் அக்கா, தனியாக.

சுகந்தி ஓ.எல். எழுதவில்லை. கொழும்பிலிருந்து அப்படியே குவைத்துக்குப் போனாள், பிறகு அங்கேயே யாரையோ கட்டிக்கொண்டாள் என்று கேள்வி. அக்கா தவணை ஒன்றும் தவறவிட்டதில்லை. ஒவ்வொரு மாதமும் படியேறி வந்து கட்டிவிட்டு, என் மேசைப் பக்கம் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போவார். ஏசியிருந்தால் ஆறியிருக்கும் எனக்கு. அக்கா மௌத்தாகி, கண்ணை மூடின செய்தி எனக்குப் பிந்தித்தான் கிடைத்தது. ஒரு தரம் போய்ப் பார்த்தேன். கதவில் பூட்டு. யன்னலால் எட்டிப் பார்த்தால் மேசை தெரிந்தது. சுற்றியிருந்த றப்பரையெல்லாம் வெட்டி இறக்கிவிட்டார்கள். கிளையும் இப்போது அந்த ஹாட்வெயார் கடைக்கு மேலே இல்லை.

"என்னத்த யோசிக்கிற? ரெண்டு பேரெண்டு சொல்லுங்களேன்!" குசினியிலிருந்து மனைவி சத்தம் போட்டா.

"ரெண்டு பேர், மகள்" என்று வாசலில் நின்ற பிள்ளையிடம் சொன்னேன். பிறகு சும்மா இருக்க முடியாமல், "நீங்க எந்த ஊர்?" என்று கேட்டேன். அரநாயக்கப் பக்கம் ஒரு தோட்டம் என்றாள், அம்மா பால் வெட்டுகிறாராம். "அம்மாக்கு இப்ப மாசம் எத்தின பேர் விழுது?"

பிள்ளை விழித்தாள். "பேரா? என்ன பேர் அங்கிள்? இப்ப எல்லாம் கிலோவுக்குத்தானே காசு." அந்தச் சொல்லை அவள் அந்த அர்த்தத்தில் கேட்டதே இல்லை. இனி யாரும் என்னைப்போலத் தவறாக எழுதப் போவதில்லை. எழுதுவதற்கு அந்தச் சொல்லே இல்லை.

டெப்பைத் திரும்பவும் தட்டிவிட்டு, "ரெண்டு பேர்ல மொத ஆளோட பேர் சொல்லுங்க அங்கிள்" என்றாள்.

"புஷ்பராணி" என்றேன்.

தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. "அவங்க இங்கதான் இருக்காங்களா அங்கிள்?"

"இல்ல மகள். அழிச்சிடுங்க."

அழித்துவிட்டாள்.