நாடக எழுத்தில் ஒரு நோட்டீஸ்

யுத்தம் நடந்த வருஷங்களில் என் மாமா கரையான்சாவடியில் சின்ன அச்சாபீஸ் ஒன்று வைத்திருந்தார். ஈய எழுத்துகள் எல்லா அச்சாபீஸிலும் இருப்பவைதான். அவருடைய பெருமையெல்லாம் மர எழுத்துகள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். மூலை, முனை எதுவும் கிடையாது. வயிறாரச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் போல இருக்கும். நாடக நோட்டீஸுக்கென்றே செதுக்கி வாங்கியவை. வாசிக்கத் தெரியாதவர்களும் அந்தக் கொழுத்த உருவத்தைக் கண்டாலே, எங்கேயோ நாடகம் என்று தெரிந்துகொள்வார்கள்.

ஒருநாள் திருமழிசைப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் தன் தாயாரோடு வந்தார். மனைவியைக் காணவில்லை, நோட்டீஸ் போடவேண்டும் என்றார். தாயார் அழுதாள், அவர் அழவில்லை. சின்ன எழுத்தில் போட்டால் யார் கண்ணிலும் படாது என்று மாமாவே மர எழுத்தை எடுத்தார். மேலே 'காணவில்லை' என்று ஒரே வரி. தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அந்தக் காலத்து 'லை', ஆட்டம் பார்க்க வா என்று கூப்பிடுவது போலவே இருந்தது.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டுக் குமணன்சாவடி வழியாக வந்தேன். மூன்றாம் வகுப்பு, எதைக் கண்டாலும் உரக்க வாசிக்கிற வயது. சாலையில் ஒரு ஆள் இல்லை. நோட்டீஸ் ஒட்டியிருந்த சுவரெதிரே துணிமூட்டையோடு ஒருத்தி நின்றிருந்தாள். மூக்குத்தி இருக்கவேண்டிய இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

"எந்த ஊர்ல நாடகம், பாப்பா?" என்றாள்.

நாடகம் இல்லை என்று சொல்லி, முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பெயர் முனியம்மா. வயது இருபது. இடது புருவத்தில் தழும்பு. சிவப்புக்கல் மூக்குத்தி. நான் வாசிக்க வாசிக்க அவள் கை புருவத்துக்குப் போயிற்று. பிறகு மூக்குக்கு வந்தது. நான் நிறுத்தவில்லை. சித்த சுவாதீனம் இல்லாதவள் என்று கடைசி வரி.

"அப்டின்னா இன்னா?"

பைத்தியம் என்று அர்த்தம் சொன்னேன், வாத்தியாருக்குச் சொல்வது போல.

அவள் பெரிய எழுத்துகளின் மேல் விரலை வைத்து, வளைவு வளைவாக மெல்லத் தடவிக்கொண்டே போனாள்.

"எனுக்கோசரம் எம்மாம் பெருசா எய்திக்கீறாங்க," என்றாள். பிறகு குன்றத்தூர்ச் சாலையில் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் ஓட்டமாக ஓடி மாமாவிடம் சொன்னேன். கெட்டிக்காரி என்று முதுகில் தட்டிவிட்டு, திருமழிசைக்குச் சைக்கிளில் ஆளனுப்பினார். சாயங்காலம் அந்தக் குடியானவரும் இன்னும் இரண்டு பேரும் வண்டி கட்டிக்கொண்டு எங்கள் வாசல் வழியாகப் போனார்கள். மூவர் கையிலும் தடி இருந்தது. மாட்டை ஓட்டுவதற்கு என்று நினைத்தேன்.

பதினைந்து நாள் கழித்து அவர் தனியாக வந்தார். கல்யாணப் பத்திரிகை அடிக்க வேண்டுமாம், மாப்பிள்ளை அவரேதான். அந்தப் பெண் கிடைத்தாளா என்று மாமா கேட்டார்.

"போய்ட்டா," என்றார் அவர்.

காகிதம் இல்லை என்று மட்டும் மாமா சொன்னார். மேஜைக்கடியில் கட்டுக்கட்டாக இருந்தது எனக்குத் தெரியும்.

குன்றத்தூரில் அவளுக்குத் தாய்வீடு இருக்கும், அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அவள் போன வழியைச் சொன்னதே நான்தான் என்று ரொம்ப நாள் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.